ஆம்புலன்ஸ் வேலைக்குப் படிக்க ஆசை: எங்கே தொடங்குவது?

கேள்வி: வணக்கம் சார். பள்ளிப் படிப்பை அறிவியல் பிரிவில் முடித்திருக்கிறேன். ஆம்புலன்ஸில் வேலை பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. சில மாதங்களில் முடிகிற இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) பயிற்சியும் இருக்கிறது, மூன்று நான்கு வருடப் பட்டப்படிப்பும் இருக்கிறது. எதில் சேர்வது என்று தெரியவில்லை. இன்னொரு பிரச்சினை, ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். தம்பிக்குப் பரிசோதனைக்காக ரத்தம் எடுத்தபோது பக்கத்தில் நின்ற நான் மயங்கி விழுந்தேன். உடம்பும் ஒல்லி, ஸ்ட்ரெச்சர் தூக்க முடியுமா என்று பயமாக இருக்கிறது. "மருத்துவத் துறைதான் வேண்டும் என்றால் நர்ஸிங் படி, ராத்திரி பகலாக வண்டியில் அலைகிற வேலை எதற்கு?" என்கிறார் அம்மா. என்ன செய்யட்டும்?
18 வயது வாசகி

பதில்:

வணக்கம்மா. பல வருடம் ஆம்புலன்ஸில் ஓடிவிட்டு, இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் சந்தேகங்கள் எல்லாமே வகுப்பின் முதல் வாரத்தில் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்பவைதான். கூச்சப்பட ஒன்றும் இல்லை. மயக்கத்துக்கு வழி இருக்கிறது, தூக்குவதற்கும் வழி இருக்கிறது. அவற்றுக்குப் பிறகு வருகிறேன். எந்தப் படிப்பு என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள், அதை முதலில் பேசிவிடுவோம்.

குறுகிய பயிற்சியா, பட்டமா என்று பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தப் படிப்பு உங்களை உண்மையான நோயாளிகள் பக்கத்தில், விவரம் தெரிந்த ஒருவரின் மேற்பார்வையில், எவ்வளவு நேரம் நிற்க வைக்கிறது? நல்ல பயிற்சியையும் வெறும் சான்றிதழையும் நான் பிரித்துப் பார்ப்பது இதை வைத்துத்தான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரிய, வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஆம்புலன்ஸ் வேலை என்றால் சைரன், நெஞ்சை அமுக்குவது, ஷாக் கொடுப்பது. இவை எல்லாம் உண்டு, முக்கியமும்கூட. ஆனால் வருகிற அழைப்புகளில் இதயம் நின்றுபோன கேஸ்கள் ஒரு சிறு பகுதிதான். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தடுக்கி விழுந்த முதியவர், வலிப்பு, சர்க்கரை இறங்கி மயங்கியவர், பிரசவ வலி, விபத்து, விஷம் குடித்தவர், மனம் உடைந்துபோய் யாரையும் கிட்ட விடாதவர் என்றுதான் நாள் போகும். இவர்கள் யாரும் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல வரமாட்டார்கள். வெளிச்சம் போதாத அறையில், நான்கு பேர் ஒரே நேரத்தில் பேச, அழுகைக்கு நடுவில் இருப்பார்கள். அந்த முதல் சில நிமிடங்களில் எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்று ஒரு வரிசை உங்கள் கையில் பழகியிருக்க வேண்டும்.

அந்த வரிசையை உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கற்பிக்கிறார்கள். முதலில் இடம் உங்களுக்குப் பாதுகாப்பானதா என்று பார்ப்பது. அப்புறம் மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, கடைசியாக உடம்பை ஆடை விலக்கி முழுதாகப் பார்ப்பது. ஒரு படியில் உயிருக்கு ஆபத்தான கோளாறு தெரிந்தால் அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது. கேட்க எளிமையாக இருக்கிறது, இல்லையா? விபத்து நடந்த இடத்தில் ஒருவருடைய கால் எலும்பு வெளியே தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றி நிற்கும் எல்லோர் கண்ணும் அந்தக் காலில்தான் இருக்கும். ஆனால் நினைவில்லாமல் மல்லாந்து கிடப்பவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்திருந்தால், அவரைக் கொல்லப்போவது அதுதான். கால் காத்திருக்கும், மூச்சு காத்திருக்காது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. பீறிட்டு ஓடும் ரத்தத்தைக் கண்டால் வரிசையை ஒதுக்கிவிட்டு முதலில் அதை அழுத்தி நிறுத்த வேண்டும், தேவைப்பட்டால் ரத்த ஓட்டத்தை இறுக்கி நிறுத்தும் டூர்னிக்கே பட்டையைக் கட்ட வேண்டும். விதியைப் படிக்க ஒரு மணி நேரம் போதும். பயமும் சத்தமும் சூழ்ந்திருக்கும்போது அதன்படி நடப்பதற்கு, திரும்பத் திரும்ப, பல நோயாளிகளிடம், பக்கத்தில் ஒரு மூத்தவர் நிற்கச் செய்து பார்த்திருக்க வேண்டும்.

பார்ப்பதுபோலவே கேட்பதும் ஒரு திறமை. ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணி, ஒரு பக்கக் கை விழுந்துவிட்டது. பக்கவாதம் என்று வண்டியில் ஏற்றும் எவருக்கும் தெரியும். நல்ல பயிற்சி பெற்றவர் வீட்டாரிடம் ஒரு கேள்வியை விடாமல் கேட்பார்: "இவர் கடைசியாக எப்போது சாதாரணமாக இருந்தார்?" "காலையில் எழுந்தபோது பார்த்தோம்" என்பார்கள். அது போதாது. தூங்கப் போகும்போது நன்றாக இருந்தாரா, இரவில் யாராவது அவரோடு பேசினார்களா என்று துருவ வேண்டும். மூளை ரத்தக்குழாயில் உள்ள அடைப்பைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள்தான் கொடுக்கிறார்கள், அந்தக் கணக்கு அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. அந்த ஒரு நேரத்தைச் சரியாகக் கேட்டுக்கொண்டு வந்து சொன்னால் மருத்துவமனையில் மருத்துவரின் முடிவே மாறலாம். அதே நோயாளியின் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துச் சுகரையும் பார்க்க வேண்டும். சர்க்கரை மிகவும் இறங்கினால் பக்கவாதம் போலவே தெரியும், குடித்துவிட்டு உளறுகிற மாதிரியும் தெரியும். "குடிகாரர்" என்று எல்லோரும் ஒதுக்கிவிட்ட ஒருவர் குளுக்கோஸ் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து, தன் பெயரைத் தெளிவாகச் சொல்வதை ஒருமுறை பார்த்த மாணவர், அதற்குப் பிறகு யாரையும் பார்த்தவுடன் முடிவு கட்டமாட்டார். இதை வகுப்பறையில் நான் எத்தனை முறை சொன்னாலும் அந்த அளவுக்கு ஏறாது.

செய்யாமல் நிறுத்துவதும் பயிற்சியில்தான் வரும். மூச்சு நின்றவருக்கு ஆம்பு பையை, அதாவது கையால் அழுத்தும் காற்றுப் பையை, அழுத்திக் காற்று கொடுக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பதற்றத்தில் வேகவேகமாக அழுத்துவார்கள். நிறையக் காற்று போனால் நல்லதுதானே என்று தோன்றும். உண்மையில் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்துவிடும். காற்றுக்குழாய்க்குள் டியூப் போட்ட பெரியவருக்கு 6 விநாடிக்கு ஒருமுறை அழுத்தினால் போதும். பக்கத்தில் ஒருவர் நின்று "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தால்தான் அந்த நிதானம் கைக்கு வரும்.

இனி படிப்புகள். நாட்டுக்கு நாடு பெயரும் விதியும் மாறும், ஆனால் படிநிலை என்பது எங்கும் உண்டு. அமெரிக்காவில் அடிப்படை இ.எம்.டி. பயிற்சி பெரும்பாலும் 150 முதல் 200 மணி நேரம் வரை. ஆக்ஸிஜன் கொடுப்பது, ரத்தப்போக்கை நிறுத்துவது, எலும்பு முறிவுக்குத் தாங்கு கட்டுவது, சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கி மூச்சு கொடுப்பது), தானியங்கி டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி), பிரசவத்துக்கு உதவுவது ஆகியவை அதில் அடங்கும். அதற்கு மேல் படியான பாராமெடிக் ஆவதற்கு 1,200 மணி நேரத்துக்கு மேல் தனியாகப் படிக்க வேண்டியிருக்கும். ஈ.சி.ஜி.யைப் படித்து முடிவெடுப்பது, ரத்தக்குழாயில் மருந்து செலுத்துவது, காற்றுக்குழாயில் டியூப் போடுவது எல்லாம் அந்தப் படியில்தான் வருகின்றன. பிரிட்டனில் புதிதாகப் பாராமெடிக் ஆக வருபவருக்கு 2021 செப்டம்பரிலிருந்து பட்டப்படிப்பு நிலையிலான தகுதி வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2018 டிசம்பரிலிருந்து பாராமெடிக்குகள் தேசியப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். இந்தியாவிலும் துணை மருத்துவத் தொழில்களுக்கென 2021-இல் கொண்டுவரப்பட்ட தேசிய ஆணையச் சட்டம் இந்தப் பணியைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பிரான்ஸ் போன்ற நாடுகளில் தீவிரமான கேஸ் என்றால் மருத்துவரே வண்டியில் போவார், அதனால் அங்கே உடன் இருப்பவரின் வேலை வேறு மாதிரி இருக்கும். ஆகவே நீங்கள் எந்த நாட்டில் வேலை பார்க்க நினைக்கிறீர்களோ, அந்த நாட்டின் விதியை முதலில் படியுங்கள். ஒரு நாட்டுச் சான்றிதழ் இன்னொரு நாட்டில் அப்படியே செல்லுபடியாகும் என்று எந்த நிறுவனம் சொன்னாலும், அந்த நாட்டின் பதிவு அமைப்பிடம் கேட்காமல் நம்பாதீர்கள்.

நான் எல்லோருக்கும் காட்டுகிற உதாரணம் ஜெர்மனி. அங்கே 2014 முதல் நடைமுறையில் இருக்கும் மூன்று வருடப் பயிற்சியில் மொத்தம் 4,600 மணி நேரம். அதில் 1,920 மணி நேரம் பள்ளியில், 1,960 மணி நேரம் ஆம்புலன்ஸ் நிலையத்தில், 720 மணி நேரம் மருத்துவமனையில். பாதிக்கும் மேற்பட்ட நேரம் வகுப்பறைக்கு வெளியே போகிறது என்பதைக் கவனியுங்கள். எல்லா நாட்டுக்கும் இந்த அளவு கட்டுப்படியாகாது, ஆனால் ஒரு படிப்பை அளந்து பார்க்க இது நல்ல அளவுகோல். மூன்று வருடம் படித்தும் வண்டியில் சில நாள்கள் மட்டுமே ஏறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாவம், நிறையப் படித்திருப்பார்கள், நோயாளியின் கையைப் பிடித்துப் பல்ஸ் பார்க்கத் தடுமாறுவார்கள். குற்றம் அவர்கள்மேல் இல்லை, காசு வாங்கிக்கொண்டு அவர்களை வகுப்பிலேயே உட்கார வைத்தவர்கள்மேல்.

அதனால் சேர்வதற்கு முன் நேரில் போய்க் கேளுங்கள். மருத்துவமனைப் போஸ்டிங் எத்தனை மணி நேரம், எந்தெந்தப் பிரிவில்? அவசர சிகிச்சைப் பிரிவு மட்டும் போதாது. மயக்க மருந்து கொடுக்கிற இடத்தில்தான் மூச்சுப்பாதையைக் கையாளக் கற்க முடியும், பிரசவ அறையில்தான் பிரசவம் பார்க்க முடியும். ஓடுகிற ஆம்புலன்ஸில் எத்தனை ஷிஃப்ட்? அந்த வண்டியில் மாணவருக்கென ஒரு மூத்தவர் ஒதுக்கப்படுகிறாரா, இல்லை, இருக்கிற இடத்தில் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கச் சொல்கிறார்களா? ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் "இன்று இது சரி, இது சரியில்லை" என்று எழுதிக் கொடுப்பார்களா? பயிற்சிப் பொம்மை எத்தனை பேருக்கு ஒன்று? பாடம் எடுப்பவர்கள் களத்தில் வேலை பார்த்தவர்களா? முக்கியமான கேள்வி, அந்தச் சான்றிதழ் உங்கள் நாட்டின் உரிமம் அல்லது பதிவுக்கு ஏற்றதா? பதிலை எழுத்தில் கேளுங்கள். நல்ல நிறுவனம் இந்தக் கேள்விகளைக் கேட்டால் சந்தோஷப்படும். நழுவினால் அங்கே சேர வேண்டாம். முடிந்தால் அங்கே படிக்கும் இரண்டாம் வருட மாணவி ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள், விளம்பரத்தில் இல்லாதது எல்லாம் தெரிந்துவிடும்.

சரி, உங்கள் விஷயத்தில் எது? என் யோசனை, அங்கீகாரம் உள்ள ஒரு நல்ல அடிப்படைப் பயிற்சியை முதலில் முடித்து, கொஞ்ச காலம் வண்டியில் ஓடிப் பார்த்துவிட்டுப் பட்டப்படிப்புக்குப் போங்கள். இந்த வேலை தனக்குப் பிடிக்கிறதா என்று வெளியே நின்றபடி யாராலும் சொல்ல முடியாது. களத்தில் நின்றுவிட்டுப் படிக்க வருகிற மாணவர்கள் உடலியல் பாடத்தை வேறு பசியோடு படிக்கிறார்கள், ஏனென்றால் ஒவ்வொரு பக்கத்திலும் அவர்கள் பார்த்த ஒரு முகம் இருக்கிறது. ஆனால் உங்கள் நாட்டில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஏணி இல்லை, அடிப்படைப் பயிற்சியில் சேர்ந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான் என்ற நிலை இருந்தால், நேராகப் பட்டப்படிப்பில் சேர்ந்துவிடுங்கள். அப்படிச் சேர்ந்தாலும் முதல் விடுமுறையிலேயே ஒரு ஆம்புலன்ஸ் நிலையத்தில் தன்னார்வலராக நிற்க அனுமதி கேளுங்கள். பட்டம் வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். மருந்து ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்தவர்தான் அது வேலை செய்யாதபோது அடுத்து என்ன என்று யோசிக்க முடியும். தலைமைப் பொறுப்பு, கற்பித்தல், ஆராய்ச்சி எல்லாவற்றுக்கும் பின்னாளில் பட்டம் தேவைப்படும்.

நல்ல பயிற்சி என்ன செய்யும் என்பதற்கு ஒரு வரலாறு சொல்கிறேன், என் மாணவர்கள் எல்லோருக்கும் சொல்வதுதான். 1960-களில் அமெரிக்காவின் பல ஊர்களில் நோயாளியை ஏற்றிப் போனது போலீஸ் வண்டியோ, பிணம் ஏற்றும் வண்டியோதான். உள்ளே இருப்பவருக்கு மருத்துவம் தெரியாது. பிட்ஸ்பர்க் நகரில் 1967-இல் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. வேலை கிடைக்காமல் இருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்தார்கள், அவர்களில் பள்ளியை முடிக்காதவர்களும் உண்டு. இன்றைய சி.பி.ஆர். முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான டாக்டர் பீட்டர் சஃபார் அவர்களுக்காகப் பாடத்திட்டம் வகுத்தார், சுமார் 300 மணி நேரப் பயிற்சி. வகுப்பறையோடு நிற்காமல் மருத்துவமனைக்குள்ளும் அவர்களைப் பழக்கினார்கள். அந்த நகரத்தில் அதுவரை யாரும் தராத சிகிச்சையை அந்த இளைஞர்கள் தெருவிலேயே கொடுத்தார்கள். பிறகு அங்கே மருத்துவ இயக்குநராக வந்த டாக்டர் நான்சி கரோலைன் அவர்களோடு வண்டியில் ஏறிப் போனார், அவர் உருவாக்கிய பாடத்திட்டம் அந்த நாட்டின் பாராமெடிக் பயிற்சிக்கே அடிப்படையானது. 1975-இல் நகர நிர்வாகம் அந்தச் சேவையை மூடிவிட்டுத் தன் சொந்தச் சேவையைத் தொடங்கியது, முன்னோடிகளில் பலர் ஓரங்கட்டப்பட்டார்கள். அது எனக்கு இன்றும் வலிக்கிற விஷயம். ஆனால் இந்த வேலைக்கு யார் தகுதியானவர் என்பதை முன்கூட்டியே யாரும் முடிவு செய்துவிட முடியாது என்று அவர்கள் காட்டிவிட்டார்கள்.

இப்போது ரத்தம். உங்களுக்கு நடந்தது மனபலம் சம்பந்தப்பட்டது இல்லை. ரத்தத்தைப் பார்த்ததும் சிலருக்கு நரம்பு வழியாக ஒரு அனிச்சை ஓடி, இதயத் துடிப்பும் பி.பி.யும் திடீரென்று இறங்கிவிடும். மூளைக்கு ரத்தம் குறைந்ததும் மயக்கம் வரும். மற்ற பயங்களில் பி.பி. ஏறும், இதில் மட்டும் இறங்கும். அதனால்தான் "மூச்சை இழுத்துவிட்டு உடம்பைத் தளர்த்து" என்ற வழக்கமான யோசனை இங்கே பலிக்காது. நேர் எதிரானதைச் செய்ய வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-ஜோரான் ஓஸ்ட் 1980-களில் வகுத்த முறை இது. கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்கி 10 முதல் 15 விநாடி பிடியுங்கள், முகத்தில் சூடு ஏறுவது தெரியும். பிறகு 20 அல்லது 30 விநாடி விட்டுவிடுங்கள், முழுசாகத் தொய்ய விட வேண்டாம். இப்படி ஐந்து முறை. வீட்டில் தினமும் பழகிவிட்டு, முதலில் படங்கள், பிறகு வீடியோ, பிறகு நேரில் என்று படிப்படியாகப் போங்கள். ஊசி, ரத்தம் பார்க்கப்போகும் நாளில் வெறும் வயிற்றோடு போகக்கூடாது, தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும். கண் இருட்டுகிறது என்றால் வெட்கப்படாமல் உடனே தரையில் உட்காருங்கள். இந்த முறையால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். அப்படியும் குறையவில்லை என்றால் ஒரு மருத்துவரைப் பார்த்து, இதயம் சார்ந்த வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பயிற்சியில் சேரும்போது ஆசிரியரிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது. மறைத்துவிட்டு ஓடும் வண்டியில் மயங்கி விழுந்தால் நோயாளிக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

தூக்குவது பற்றி. ஒல்லியாக இருப்பது தடை இல்லை, பலவீனமாக இருப்பது தடை. இரண்டும் வேறு. இந்தத் தொழிலில் அதிகமாக அடிபடுவது முதுகு, தங்கள் பலத்தை நம்பிக் குனிந்து இழுக்கிற பலசாலிகளும் இதற்குத் தப்புவதில்லை. முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு ஒட்டி வைத்து, தொடையின் பலத்தில் எழ வேண்டும், தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பக்கூடாது, முடியாது என்று தோன்றினால் இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். படிக்கட்டுக்குத் தனி நாற்காலி, சறுக்கு விரிப்பு, மின்சாரத்தில் ஏறி இறங்கும் ஸ்ட்ரெச்சர் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் தொடை, இடுப்பு, முதுகுத் தசைகளுக்கான பயிற்சியை இன்றே தொடங்குங்கள். சி.பி.ஆர். ஒன்றுக்கே அது வேண்டும். பெரியவர் ஒருவருடைய நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்குகிற வேலை அது. யாராக இருந்தாலும் சீக்கிரம் களைத்துப்போவார்கள், அதனால்தான் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்கிறோம்.

அம்மா சொல்வதை நான் தள்ளிவிடமாட்டேன். நர்ஸிங் நல்ல தொழில், உலகம் முழுவதும் வேலை வாய்ப்பு அதிகம், அதை உண்மையாகவே யோசித்துப் பாருங்கள். வித்தியாசம் இதுதான்: வார்டில் ஒரு நோயாளியைப் பல நாள் பார்த்து, அவர் தேறி வீட்டுக்குப் போவதைக் காணலாம். ஆம்புலன்ஸில் ஒருவரோடு கொஞ்ச நேரம்தான். மருத்துவமனையில் ஒப்படைத்துவிட்டு வந்தால் அவர் என்ன ஆனார் என்பது பல நேரம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதைத் தாங்கிக்கொள்ள முடிகிறவர்கள்தான் இதில் நிலைக்கிறார்கள். இரவு ஷிஃப்ட் தூக்கத்தைக் கெடுக்கும், அதைத் தவிர்க்க முடியாது. குழந்தைகளின் மரணம் மனதில் தங்கும். இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு மன அழுத்த நோய்கள் மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன என்பது பல நாடுகளில் தெரிந்த உண்மை. அதனால் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு மோசமான கேஸுக்குப் பிறகு மாணவர்களோடு யார் உட்கார்ந்து பேசுவார்கள்? "அதெல்லாம் தானாகப் பழகிவிடும்" என்று பதில் வந்தால் அங்கே கவனமாக இருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு நிலையத்துக்குப் போய், அங்கே வேலை பார்க்கும் பெண்களோடு பேசுங்கள். இரவில் எப்படி வருகிறார்கள், ஓய்வறை எப்படி இருக்கிறது, ஆபத்தான இடத்துக்குப் போலீஸ் வராமல் உள்ளே போகச் சொல்கிறார்களா என்று அம்மாவே கேட்கட்டும். அவர் கேட்பது நியாயமான கேள்விகளாக இருக்கும்.

பிற்காலம் பற்றியும் அம்மாவுக்குக் கவலை இருக்கலாம். முதுகும் முழங்காலும் ஓய்கிற வயதில் என்ன செய்வது? அழைப்பு மையத்தில் போன் வழியாகவே சி.பி.ஆர். சொல்லிக் கொடுக்கிறவர்கள், ஐ.சி.யூ. நோயாளிகளை ஊர் விட்டு ஊர் மாற்றும் குழு, விமான ஆம்புலன்ஸ், தொழிற்சாலை, கடல் எண்ணெய்த் தளம், பேரிடர் மேலாண்மை, பயிற்சியாளர் என்று பல கதவுகள் உண்டு. ஒன்று நினைவிருக்கட்டும், இதில் படிப்பு முடிகிற நாள் என்று ஒன்று கிடையாது. பயன்படுத்தாத சி.பி.ஆர். திறமை சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். பல இடங்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்கச் சொல்வது அதனால்தான்.

சேர்வதற்கு இன்னும் சில மாதம் இருந்தால் அதை வீணாக்காதீர்கள். அருகில் நடக்கும் ஒரு முதலுதவி வகுப்பை முடித்துவிடுங்கள், ஒரு நாள் போதும், இந்தத் துறை உங்களுக்கு எப்படிப்பட்டது என்று ஒரு ருசி தெரியும். இதயம், நுரையீரல் இந்த இரண்டின் வேலையை மட்டும் ஒரு நல்ல உடலியல் புத்தகத்தில் நிதானமாகப் படியுங்கள், மற்றது பிறகு வரும். வீட்டில் இருப்பவர்களின் பல்ஸையும் மூச்சையும் எண்ணிப் பழகுங்கள். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்குப் பல்ஸ் 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20 வரை இருக்க வேண்டும். மூச்சை எண்ணுவது அவருக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் தன்னை அறியாமல் மாற்றிவிடுவார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பல்ஸ் பார்ப்பதுபோலவே நெஞ்சைப் பாருங்கள். வாகனம் ஓட்டும் உரிமம் எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள், சில சேவைகளில் அது கட்டாயம். அவசர ஊர்தி ஓட்டுவதற்குத் தனிப் பயிற்சி தருவார்கள், அதைத் தராமல் சாவியைக் கையில் கொடுக்கிற இடத்தில் வண்டியில் உட்காராதீர்கள்.

கடைசியாக, பலர் தள்ளிப்போட்டுவிட்டுப் போஸ்டிங் தொடங்கும் நாளில் முழிக்கிற விஷயம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. இது வழக்கமாக மூன்று டோஸ், முதல் டோஸுக்குப் பிறகு ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. கடைசி டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் அரை வருடத்துக்கு மேல் ஆகிறது. குழந்தையாக இருந்தபோது போட்டிருந்தால் அந்த அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். போடவில்லை என்றால் எந்தக் கல்லூரி என்று முடிவாகும்வரை காத்திருக்க வேண்டாம், முதல் டோஸை இந்த வாரமே போட்டுக்கொள்ளுங்கள்.